பின்பாட்டுக்கு வந்த அழைப்பு

அமெரிக்காவில் ஒரு பாட்டு விழாவிலிருந்து லாரன்ஸுக்கு அழைப்பு வந்த செய்தியை எனக்குச் சொன்னது லாரன்ஸ் இல்லை. எங்கள் வாட்ஸப் குழுவில் அடையாறு ஜெயஸ்ரீ மாமி போட்ட பூங்கொத்துப் படம்தான் சொன்னது. "பாஞ்சோ பிறந்த மலையூரிலேயே நம் லாரன்ஸ் வாசிக்கப் போகிறார்!" என்று கீழே எழுதியிருந்தாள். பாஞ்சோ மலையில் பிறக்கவில்லை. ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்து வரப்பட்ட அடிமைகள் மனசில் சுமந்து வந்த கம்பி வாத்தியம் அது. மாமிக்கு இதை எத்தனை தரம் சொல்லியிருப்பேன்? எனக்கு வயிறு எரிந்தது.

விஷயம் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். மயிலாப்பூரில் குளத்துக்குப் பின்னால் ஒரு மாடி ஹாலில், மாதத்தின் முதல் சனிக்கிழமை சாயங்காலம், நானும் லாரன்ஸும் பல வருஷமாக ஒரு கதாகாலட்சேபம் நடத்துகிறோம். நாயன்மார் சரித்திரம் இல்லை. அமெரிக்காவின் பழைய நாட்டுப்பாட்டுக்காரர்களின் சரித்திரம். எவன் நிலக்கரிச் சுரங்கத்தில் மூச்சுத் திணறினான், எவனுடைய அம்மா துணி துவைத்துக்கொண்டே என்ன பாடினாள், எவன் சலூன் வாசலில் நின்று முதல் கிடாரைக் கேட்டான், எல்லாம் நான் சொல்வேன். நடுநடுவே லாரன்ஸ் பாஞ்சோ வாசித்துக்கொண்டு பாடுவான்.

மயிலாப்பூரில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். கதை சொல்பவர்தான் பாகவதர். கூடப் பாடுகிறவர் பின்பாட்டு. பாகவதரை வீட்டில் விட்டுவிட்டுப் பின்பாட்டு மட்டும் கச்சேரிக்குப் போனதாக எங்கேயாவது கேட்டதுண்டா?

"அவரைக் கூப்பிட்டா உங்களையும்தானே கூப்பிடணும்?" என்றாள் என் மனைவி விஜயலக்ஷ்மி. "ஆத்துல உக்காந்துண்டு அந்தப் பாட்டுக்கார மனுஷா ஜாதகத்தையெல்லாம் தலைகீழா ஒப்பிக்கறது நீங்கதானே?"

"கூப்பிடலையே."

"லாரன்ஸ்கிட்ட கேட்டேளா?"

"நான் ஏன் கேக்கணும்? அவனுக்கே சொல்லத் தோண வேண்டாமா?"

"அப்போ பொருமிண்டே இருங்கோ" என்று மோரைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள்.

பொருமினேன். லாரன்ஸ் சைதாப்பேட்டைக்காரன். சர்ச்சில் பாடிப் பழகியவன், பிள்ளைகளுக்குக் கிடார் சொல்லிக்கொடுத்துப் பிழைக்கிறவன். பாஞ்சோ என்று ஒரு வாத்தியம் உண்டு என்பதையே அவனுக்குச் சொன்னவன் நான்தான். எனக்கு எந்த வாத்தியமும் வாசிக்க வராது என்பது வேறு விஷயம். ஆனால் நான் பேசும்போது மாமிகள் கைப்பையைத் துழாவுவார்கள். அவன் வாயைத் திறந்தால் கண்ணைத் துடைப்பார்கள். இதை நான் மேடையிலிருந்து பார்த்துக்கொண்டே பேச வேண்டும். போன ஜன்மத்துப் பாவம்.

அந்தச் சனிக்கிழமை லாரன்ஸ் எனக்கு முன்னாலேயே வந்து கம்பிகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தான்.

"இன்னா ஐயரே, மூஞ்சி இஞ்சி துன்ன மாரி கீது?"

"ஒண்ணுமில்ல."

ஏதோ சொல்ல வருகிறவன்போல என்னைப் பார்த்தான். அப்புறம் தலையைக் குனிந்துகொண்டு முறுக்காணியைத் திருக ஆரம்பித்துவிட்டான். அவ்வளவு பெரிய செய்தியை உள்ளே வைத்துக்கொண்டு என் மூஞ்சியை விசாரிக்கிறான்! சரி, மேடையில் பார்த்துக்கொள்கிறேன் என்று முடிவு கட்டினேன்.

அன்றைக்கு வால்டர், ரூபன் சரித்திரம். வால்டர் பாஞ்சோக்காரன், ரூபன் பிடில்காரன். ஒரே சுரங்கத்தில் வேலை, ஒரே வீட்டு வாசலில் பாட்டு. ரெக்கார்டு கம்பெனி ஆள் ஒருவன் வந்து கேட்டுவிட்டு வால்டர் மட்டும் போதும் என்கிறான். ரூபன் நண்பனின் பெட்டியைத் தானே தூக்கிப் போய் ரயிலேற்றிவிடுகிறான். எப்போதும் நான் சொல்வது இப்படித்தான்.

அன்று மாற்றினேன். வால்டருக்குப் பாஞ்சோவைக் கையில் பிடிக்கச் சொல்லிக்கொடுத்ததே ரூபன்தான் என்றேன். ஊர் விழிக்கும் முன்னால், ரூபனிடம் ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ளாமல், வால்டர் திருட்டுப் பூனைபோல ரயிலேறினான் என்றேன். "கூடவே இருந்தவனிடம் சொல்லிக்கொள்ள அவனுக்கு நாக்கு எழவில்லை பாருங்கள்!" என்று சபையிடம் சொல்லிவிட்டு லாரன்ஸைத் திரும்பிப் பார்த்தேன்.

அவன் விரல்கள் நின்றுவிட்டன. கதை அவனுக்கு மனப்பாடம். எங்கே மாறியது, யாருக்காக மாறியது என்று புரிந்துவிட்டது. எனக்கு உள்ளே குளுகுளுவென்று இருந்தது.

அந்த இடத்தில் அவன் துள்ளலான ரயில் பாட்டு ஒன்றைப் பாட வேண்டும். பாடவில்லை. பாஞ்சோவை மடியிலிருந்து இறக்கி வைத்தான். கதையின் ஆரம்பத்தில் வால்டரின் அம்மா துணி துவைத்துக்கொண்டே பாடுவாளே, அந்தத் தோத்திரப் பாட்டை எடுத்தான். வாத்தியமே இல்லாமல், மெதுவாக, வீட்டுக்கு வழி கேட்கிறவன்போலப் பாடினான். மாமிகள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். என் கண்ணிலேயே தண்ணீர் வந்துவிட்டது. அதற்கும் சேர்த்து அவன்மேல் கோபம் வந்தது.

முடிந்ததும் ஜெயஸ்ரீ மாமி முன்வரிசையிலிருந்து எழுந்து வந்தாள். "பாவம் அந்த வால்டர்! சொல்லிக்காம போறவனுக்கு மனசு எவ்ளோ வலிச்சிருக்கும்!"

"மாமி, ஏமாந்தது ரூபன்."

"ரூபனுக்கென்ன, சௌக்கியமா ஆத்தோட இருந்தான்" என்று சொல்லிவிட்டு லாரன்ஸின் கையைப் பிடித்துக்கொண்டாள். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அது இதுதான். எங்கள் சபா செயலாளர் கல்யாணராமன் பொன்னாடையைப் பிரித்து லாரன்ஸுக்குப் போர்த்தி, போய் ஜெயித்து வாருங்கள் என்றார். எனக்கு வழக்கமான எலுமிச்சம்பழம்.

கீழே ஸ்கூட்டர் பக்கத்தில் லாரன்ஸ் எனக்காக நின்றுகொண்டிருந்தான்.

"கதைய மாத்திட்ட."

"சரித்திரம்னா பாடபேதம் இருக்கும்."

"எனக்குத்தான் சொன்ன. தெர்யாதா எனக்கு?"

"தெரியறதோன்னோ? அப்புறம் ஏன்டா எங்கிட்ட சொல்லல? மாமி போட்ட பூவைப் பாத்து நான் தெரிஞ்சுக்கணுமா?"

அவன் பொன்னாடையை மடித்து ஸ்கூட்டர் பெட்டிக்குள் திணித்தான். மூடி சரியாக மூடவில்லை. மறுபடியும் எடுத்துச் சின்னதாக மடித்தான்.

"ரெண்டு பேரா வரோம்னு எழுதினேன் ஐயரே. அவரு இல்லாம நான் இல்லன்னு எழுதினேன்."

நெஞ்சு ஒரு துள்ளு துள்ளியது. "அவா வேண்டாம்னுட்டாளா?"

"இல்ல. தாராளமா வரட்டும்னாங்கோ. ஒண்ணே ஒண்ணு கேட்டாங்கோ."

"என்ன?"

"அவரு இன்னா வாசிப்பாருன்னு கேட்டாங்கோ."

குளத்துப் பக்கமிருந்து ஒரு ஆட்டோ விடாமல் ஹாரன் அடித்துக்கொண்டு வந்தது. அது எங்களைக் கடந்து போனதும் கேட்டேன்.

"நீ என்ன எழுதின?"

"இன்னும் எழுதல" என்றான் லாரன்ஸ். அவன் என்னைப் பார்க்காமல் ஹேண்டில் பாரைப் பார்த்துப் பேசினான். "அத்த எப்டி உங்கிட்ட வந்து கேக்கறதுன்னுதான் சொல்லாம இருந்தேன். நீயே சொல்லு ஐயரே. இன்னா வாசிப்பன்னு சொல்லு, இப்பவே எழுதிடறேன்."

செல்போனை எடுத்து, விரலைத் தயாராக வைத்துக்கொண்டு நின்றான். நான் எலுமிச்சம்பழத்தை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டிருந்தேன்.