மருந்துக்கு வருகிறவள்

அந்தத் தெருவில் ஃபிரிட்ஜ் இருந்தது சோடாக்கடையில் மட்டும்தான். செங்கல் சூளையில் கல் சுமக்கும் விதவை ஒருத்தி, தன் சர்க்கரை வியாதிக்கான இன்சுலினை அங்கேதான் வைத்திருந்தாள். கண் மங்கல் என்பதால் ஊசியிலுள்ள கோடு அவளுக்குத் தெரியாது. காலையும் மாலையும் மருந்தை அளந்து ஊசியில் ஏற்றிக் கொடுப்பது கடைக்காரரின் வேலையாயிற்று.

அவர் மனைவி கடைக்காரிக்கு அது பொறுக்கவில்லை. கட்டியவள் தலைவலி என்று படுத்தால் தூங்கி எழு, சரியாகிவிடும் என்பவர், அந்த ஊசியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, காற்றுக்குமிழ் போகும்வரை சுண்டிச் சுண்டிப் பார்ப்பார். பார்க்கப் பார்க்க அவளுக்கு வயிறு எரியும். போதாக்குறைக்குக் குழாயடியில் ஒருத்தி, உங்கள் கடையில் சோடாவைவிட ஊசிதான் நன்றாக ஓடுகிறது போல என்று சொல்லிச் சிரித்தாள்.

அதிலிருந்து சூளைக்காரி வந்தால் போதும், கடைக்காரி விளக்குமாற்றோடு வாசலுக்கு வந்துவிடுவாள். குப்பையில்லாத இடத்தைப் பெருக்கியபடி, என்ன புடவை, எத்தனை சிரிப்பு, எவ்வளவு நேரம் நிற்கிறாள் என்று உச்சி முதல் பாதம்வரை அளப்பாள்.

அப்படி அளந்த ஒரு நாள்தான் சிமென்ட் தரையில் ஈரக் கறையைக் கண்டாள். காலைத் தூக்கச் சொன்னாள். உள்ளங்காலில் ஒரு செங்கல் சில்லு புதைந்து, சுற்றிலும் சீழ் கட்டியிருந்தது.

"வலிக்கவே இல்லையேக்கா" என்றாள் சூளைக்காரி.

கடைக்காரர் பதறிப்போய் ஸ்கூட்டர் சாவியை எடுத்தார். அவருக்குப் பின்னால் அவள் உட்கார்ந்து ஊரைத் தாண்டிப் போகும் காட்சி கடைக்காரியின் கண்ணில் ஓடியது.

"நீங்க கடையப் பாருங்க. நான் கூட்டிட்டுப் போறேன்."

பஸ்ஸில் சூளைக்காரி அவள் தோளில் சாய்ந்து உறங்கிவிட்டாள். காய்ச்சலில் உடம்பு கொதித்தது. ஆஸ்பத்திரியில் புண்ணைக் கீறிச் சுத்தம் செய்த டாக்டர், இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் காலையே எடுக்க வேண்டியிருக்கும் என்றார்.

"நானே பாக்காத கால நீங்க பாத்திருக்கீங்கக்கா" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள் சூளைக்காரி. எதற்காகப் பார்த்தோம் என்பது கடைக்காரிக்கு மட்டும்தான் தெரியும். அவளால் அந்த முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

புண் ஆறிச் சூளைக்காரி திரும்பி வந்ததும், இனி ஊசியில் மருந்தைத் தானே ஏற்றித் தருவதாகக் கடைக்காரி சொன்னாள். கணவர் முகம் சுண்டும் என்று எதிர்பார்த்தாள். அவரோ நல்லதாய்ப் போயிற்று என்று ஊசியைக் கையில் கொடுத்துவிட்டு, காலிப் பாட்டில்களைக் கழுவப் போய்விட்டார்.

கடைக்காரி கோடு பிசகாமல் ஏற்றக் கற்றுக்கொண்டாள். தினமும் அந்தக் கால்களைத் திருப்பிப் பார்த்தாள். ஆனாலும் சூளைக்காரி வரும் நேரத்துக்குக் கணவரைச் சரக்கெடுக்க அனுப்பிவிட மட்டும் அவள் தவறவில்லை.