சின்னவள்

"இப்ப மிதி," என்றார் அப்பா, வண்டிக்கு அடியிலிருந்து.

அவள் பெடலை மிதித்தாள். சீட்டுக்குக் கீழே 'டக்' என்று ஒரு சத்தம். சக்கரம் அசையவில்லை.

"விட்டுட்டு மறுபடியும் மிதி."

டக். அவ்வளவுதான்.

அப்பாவைக் கூட்டிக்கொண்டு போகத்தான் அவள் வீட்டுக்குப் பின்னால் இருந்த கொட்டகைக்கு வந்தாள். முன்னறையில் அம்மாவைக் காலையிலிருந்து கிடத்தியிருந்தார்கள். சந்தின் முனையில் சுடுகாட்டுக்குப் போகிற வேன் வந்து நின்றுவிட்டது. அங்கே வரை தூக்கிப் போக மாமா நாலு ஆட்களைச் சொல்லி வைத்திருந்தார். "உங்கப்பா அங்க என்னதான் பண்றாரு? போய்க் கூட்டிட்டு வா" என்று அனுப்பினதும் மாமாதான். வந்து நின்றவளிடம் அப்பா ஒன்றும் கேட்கவில்லை. "நல்லதாப் போச்சு, ஏறி உக்காரு" என்றார். அவளும் ஏறி உட்கார்ந்துவிட்டாள். ஏன் உட்கார்ந்தோம் என்று இப்போது தன் மேலேயே எரிச்சலாக வந்தது.

ஏரிக்கரை ஓட்டல் ஒன்றில் விருந்தாளிகளின் பெட்டிகளை ஏற்றி இறக்கிய பழைய பேட்டரி கோல்ஃப் வண்டி அது. மரக்கிளை விழுந்து கூரை நசுங்கியதும் ஓட்டல்காரர்கள் அதைப் பின்கட்டில் மழையில் போட்டுவிட்டார்கள். அப்பா அதைக் கொண்டுவந்தபோது பேட்டரிகளின் தலையில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. ஒயர்களை எலி தின்றிருந்தது. ஒரு சக்கரம் உள்பக்கமாகக் கோணிக்கொண்டு நின்றது. குடிநீர் நிலையத்தில் காலமெல்லாம் மோட்டார் பார்த்தவர் அவர். ஓய்வு பெற்ற பிறகு கையில் வேலை இல்லாமல் இருந்தவருக்கு இது கிடைத்தது என்று அக்கம்பக்கத்தில் பேசிக்கொண்டார்கள். அது அப்படியில்லை என்பது வீட்டில் மூன்று பேருக்குத் தெரியும்.

போன மழைக்காலத்தில் அம்மாவுக்குத் திடீரென்று மூச்சு முட்டியது. முழங்கால் இரண்டும் மடங்காது, நடக்க முடியாது. சந்துக்குள் எந்த வண்டியும் நுழையாது. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து நாலு பேர் தூக்கிக்கொண்டு போனார்கள். வாசலுக்கு வாசல் ஆள் நின்றது. மடங்காத கால்கள் முன்னால் நீட்டிக்கொண்டிருக்க, விலகிய துணியை ஒரு கையால் இழுத்து இழுத்து மூடியபடியே அம்மா போனாள். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அன்று சாயங்காலம் சொன்னாள்: "நீங்க ரெண்டு பேரும் தூக்குங்க. வேற எவனும் இனிமே என்னைத் தூக்கக் கூடாது. செத்தாலும் சரி." அதற்கப்புறம் அவள் வாசலைத் தாண்டவேயில்லை.

"அப்படின்னா உன்னை வண்டியில கூட்டிட்டுப் போறேன்" என்றார் அப்பா. 

"இந்தச் சந்துக்குள்ள எந்த வண்டிங்க வரும்?"

"வர்ற மாதிரி ஒண்ணு கொண்டு வரேன்."

கொண்டுவந்தார். அன்றிலிருந்து அம்மா அதற்கு வைத்த பெயர் 'சின்னவள்'. "இந்த வயசுல ரெண்டாந்தாரம் கேக்குது உங்கப்பாவுக்கு" என்பாள். சாப்பாட்டுக்கு வந்து உட்கார்ந்தால், "சின்னவ சாப்பிட்டாளா, இல்ல எனக்கு மட்டும்தானா?" அப்பாவும் விடமாட்டார். "அவ உன்னை மாதிரி இல்ல. குத்திப் பேசமாட்டா." அம்மா சிரிப்பாள். சிரித்தால் இருமல் வரும்.

ஆனால் அம்மாவைப் புரட்டிப் படுக்க வைத்ததும் துடைத்ததும் மருந்து கொடுத்ததும் மகள்தான். கொட்டகையிலிருந்து வரும் சுத்தியல் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே செய்தாள். பயந்து ஓடி ஒளிந்துகொள்ள அப்பாவுக்கு ஒரு கொட்டகை கிடைத்தது என்று பல நாள் நினைத்திருக்கிறாள். நமக்கு எது கிடைத்தது என்றும்.

வண்டிக்கு அடியிலிருந்து அப்பா வெளியே வந்தார். கண்ணாடியில் ஒரு பக்கம் எண்ணெய்க் கறை.

"டக்குனு கேக்குதில்ல? அப்ப கரண்ட் வருது. மோட்டார்ல கார்பன் கட்டை சரியா உக்காரல. கழட்டித் தேய்ச்சுப் போட்டா ஓடிடும்."

"அப்பா, அம்மா அங்க கிடக்கறாங்க."

"தெரியும்மா."

"வேன்காரர் ரெண்டு தடவை போன் பண்ணிட்டாரு."

"தெரியும்."

மறுபடி உள்ளே போனார். ஸ்பானர் உருளும் சத்தம் கேட்டது. பிறகு குரல் மட்டும் வந்தது. "காலைல நீ கூப்பிட்டப்ப..."

"மறுபடி மிதிக்கணுமா?" என்றாள்.

"இல்ல. இன்னும் மாட்டல."

காலையில் அவள் கூப்பிட்டாள். "அப்பா, மூச்சு ஒரு மாதிரி இருக்கு, வாங்க" என்று ஜன்னல் வழியாகக் கத்தினாள். "இதோ, இந்த ஒயரை மாட்டிட்டு வந்துடறேன்" என்று பதில் வந்தது. அவர் வந்தபோது முடிந்துவிட்டிருந்தது. அப்போது அவர் ஒன்றும் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. சொல்வதற்கு ஒன்று இருந்தது. அதைக் காலையிலிருந்து வாய்க்குள் அடக்கி வைத்திருந்தாள். இவர் கொஞ்சம் படட்டும் என்றே வைத்திருந்தாள்.

மாமா கொட்டகை வாசலில் வந்து நின்றார். அம்மாவின் தம்பி. அழுது அழுது மூக்கு சிவந்திருந்தது. கோபமும் அந்தச் சிவப்பில் சேர்ந்திருந்தது.

"அத்தான், என்ன கூத்து இது? ஓட்டல்ல மூட்டை ஏத்தின வண்டியில எங்கக்காவ ஏத்தப் போறீங்களா? பாக்கறவன் சிரிக்கமாட்டான்?"

வண்டிக்கு அடியில் ஸ்பானர் திருகும் சத்தம் கேட்டது. மாமா அவள் பக்கம் திரும்பினார்.

"உன்கிட்டதான் சொல்றேன். உங்கப்பாவுக்கு எடுத்துச் சொல்லு. நாலு பேர் தூக்கினா நாலு நிமிஷ வேலை."

"அம்மாவுக்குப் பிடிக்காது மாமா."

"இப்ப அவளுக்கு என்ன தெரியப் போகுது?"

கேட்டுவிட்டு அவரே தலையைத் திருப்பிக்கொண்டார்.

அப்பா ஊர்ந்து வெளியே வந்து கையை உதறினார். "இப்ப மிதி. முன்னாடி பக்கம் ஸ்விட்சைத் தள்ளிட்டு மிதி."

தள்ளினாள், மிதித்தாள். வண்டி ஒரு குலுக்கு குலுக்கிப் பின்னால் பாய்ந்து கொட்டகைச் சுவரில் முட்டியது. அலமாரியிலிருந்து பெயிண்ட் டப்பா ஒன்று உருண்டு மாமாவின் காலடியில் போய் நின்றது.

"முன்னாடிதான் போட்டேன்ப்பா!"

அப்பா மோட்டாரையே பார்த்தார். "ஒயரை மாத்தி மாட்டிட்டேன்" என்றார். "ரெண்டையும் மாத்திட்டேன். இந்தத் தப்பை நான் ஒரு நாளும் பண்ணதில்ல." ஸ்பானரை எடுத்தவர் அதைத் திரும்பக் கீழே வைத்தார்.

சந்தின் முனையில் வேன்காரர் ஹாரன் அடித்தார்.

"அப்ப ரிவர்ஸ்ல போட்டா முன்னாடி போகும். அப்படித்தானே?" என்றாள் அவள்.

"போகும். ஆனா..."

"ஆனா என்ன?"

"ரிவர்ஸ்ல போட்டா கத்தும். பின்னாடி வருது, விலகுன்னு. வழி நெடுக கத்திட்டே இருக்கும்மா. அதோட ஒயரும் அந்தக் கொத்துக்குள்ளதான் போகுது. தேடிப் பிடிச்சு வெட்டணும்."

"கத்தட்டும். வாங்க."

அம்மாவை வண்டியில் ஏற்ற யாரையும் கூப்பிடவில்லை. தினமும் தூக்கிய மாதிரியே தூக்கினார்கள்: அப்பா தோள் பக்கம், அவள் கால் பக்கம். பின் சீட்டைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டிச் சாய்ந்துகொள்ளும்படி அப்பா ஒரு நீள இருக்கை அடித்திருந்தார். அம்மா அதில் சரியாகப் பொருந்தினாள். அவள் அளவுக்கு அடித்தது. அப்பா ஓட்டினார். மகள் அவர் பக்கத்தில் உட்கார்ந்து பின்னால் கை நீட்டி அம்மாவின் போர்வையைப் பிடித்துக்கொண்டாள். மாமா பின்னால் நடந்து வந்தார்.

பீப். பீப். பீப்.

சந்து முழுக்க அது கேட்டது. வாசல்களில் ஆட்கள் வந்து நின்றார்கள், அன்றைக்கு நின்ற மாதிரியே. அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். ஆனால் அந்தச் சத்தம் கேட்டதும் யாருக்கும் நின்று பார்க்கத் தோன்றவில்லை. ஒருத்தி ஓடிப்போய் நடுவழியில் விளையாடிய குழந்தையைத் தூக்கினாள். ஒருவர் சைக்கிளைச் சுவரோடு சாய்த்தார். இஸ்திரிக்காரர் தள்ளுவண்டியை உள்ளே இழுத்தார். ஒரு கிழவர் தன் காலையே பார்த்துக்கொண்டு சுவரில் ஒட்டிக்கொண்டார். வண்டி எந்தப் பக்கம் வருகிறது என்று புரியாமல் ஆளாளுக்கு முன்னும் பின்னும் பார்த்து விலகினார்கள். அம்மாவை யாருக்கும் பார்க்க நேரமில்லை.

"ஓரமாப் போங்க, ஓரமாப் போங்க" என்று மாமாவே பின்னாலிருந்து குரல் கொடுக்க ஆரம்பித்தார்.

பாதிச் சந்து கடந்தது. அப்பா ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்து நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். முதுகு வளைந்துபோயிருந்தது. அது எப்போது இப்படி வளைந்தது என்று அவள் யோசித்தாள்.

"நான் கூப்பிட்டப்ப," என்றாள், அந்தச் சத்தத்துக்குள்ளேயே, "அம்மா வேணாம்னாங்க. 'கூப்பிடாத, முடிக்கட்டும்'னாங்க."

பீப். பீப். அப்பா திரும்பவில்லை. கேட்டதா என்று தெரியவில்லை. இன்னொரு முறை சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

சந்தின் முனையில் சாவியைத் திருப்பினார். சத்தம் நின்றதும் தெருவே காது அடைத்துப்போன மாதிரி இருந்தது. வேனிலிருந்து இரண்டு பேர் இறங்கி வந்தார்கள். மாமா குறுக்கே கை நீட்டித் தடுத்தார். "அவங்க பாத்துப்பாங்க" என்றார்.

தோள் பக்கம் அப்பா, கால் பக்கம் அவள். வேனில் ஏற்றிவிட்டு அம்மாவின் இரு பக்கமும் உட்கார்ந்தார்கள். மாமா முன்னால் ஏறிக்கொண்டார். கதவு சாத்தப்பட்டது.

வேன் கிளம்பும்போது அப்பா கேட்டார்: "வேற என்ன சொன்னா?"

"வேற ஒண்ணும் சொல்லலப்பா."

அவர் தலையை ஆட்டினார். கொஞ்ச நேரம் ஆட்டிக்கொண்டே இருந்தார்.

பின்கண்ணாடி வழியாக அவள் பார்த்தாள். சந்தின் முனையில், சரிவில், வண்டி தனியாக நின்றது. இஸ்திரிக்காரர் எங்கிருந்தோ ஒரு கல்லை இரண்டு கையாலும் தூக்கி வந்து, குனிந்து, அதன் சக்கரத்துக்கு அடியில் வைத்தார். வைத்துவிட்டு, உருளுமா என்று ஒரு தரம் தள்ளிப் பார்த்தார்.