கோடு இல்லாத சிறகு

"மாப்பிள்ளை பாக்க லைப்ரரிக்கு வந்த முதல் பொண்ணு நீதான்," என்று படியேறும்போதே அண்ணி முணுமுணுத்தாள். "சாயங்காலம் அத்தை கேப்பாங்க. சரியா, வேண்டாமா?"

அதுதான் அவளுக்கும் தெரியவில்லை. போன முறை நிச்சயம் வரை வந்தவன், வேலை போனதை மூன்று மாதம் மறைத்திருந்தான். இவர் சுவரோவியங்களைச் செப்பனிடுபவர். "என் வேலையைப் பாத்துட்டு முடிவு பண்ணுங்க" என்று இந்தப் பழைய நூலகத்துக்கு வரச் சொல்லியிருந்தார்.

அண்ணி கீழே வார இதழோடு உட்கார்ந்துவிட்டாள். அவர் அவளை மேலே அழைத்துப் போனார். வாசிப்பறையைச் சுற்றி ஓடிய மர மேல்மாடத்தில் ஓவியம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. நதி, படகு, புத்தகக் கட்டு சுமந்த பெண்கள், நீலப் பறவைகள்.

"இதுல எது உங்க வேலை?"

"தள்ளி நின்னா தெரியாது. கிட்ட வாங்க."

படகின் விளிம்பு முழுக்க மயிரிழைக் கோடுகள், நெருக்கமாக.

"நாங்க நிரப்புற இடத்தை இப்படிக் கோட்டாலதான் வரையணும். பழசு எது, புதுசு எதுன்னு பின்னாடி வர்றவங்களுக்குத் தெரியணுமில்ல."

மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவள் அவள். கைப்பையிலிருந்து லென்ஸ் வெளியே வந்தது.

"மாட்டினேன்," என்று சிரித்தார்.

பெண்ணின் முழங்கையில் கோடுகள். நதியில் இரண்டு இடம். ஒரு பறவையின் சிறகில் மட்டும் கோடே இல்லை. ஆனால் மற்ற சிறகுகளில் இருந்த வெடிப்பும் இல்லை.

"இது பழசா?"

ஆமாம் என்று பொய் சொன்னால் இந்தச் சம்பந்தம் முடிந்தது. அவருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும்.

"இல்ல," என்றார், காதெல்லாம் சிவந்து. "நான் போட்டதுதான். அவ்வளவு அழகா வந்துச்சு, கோடு கோடா அறுக்க மனசு வரல. வேலைப் பதிவேட்டுலயும் எழுதல. ஆறு மாசமா யாரும் கேக்கல."

"கேட்டா?"

"அழிச்சுட்டு மறுபடி போடணும்."

நூலகரிடம் அவரே போய்ப் பதிவேட்டை வாங்கினார். சட்டைப்பையைத் தடவினார். அவள் பேனாவை நீட்டினாள். பறவை, இடது சிறகு, பிழை என்னுடையது என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

"எவ்வளவு நேரம் பறவை பாப்பே?" என்றாள் அண்ணி, மேலே ஏறி வந்து. "அத்தைகிட்ட என்ன சொல்ல?"

"அந்தச் சிறகை அழிச்சு வரைய எத்தனை நாளாகும்?" என்று அவள் அவரைக் கேட்டாள்.

"பதினஞ்சு நாள்."

"அது முடிஞ்சப்புறம் தேதி பாக்கச் சொல்லுங்க அண்ணி. நான் லென்ஸோட வந்து பாக்கணும்."