மலையில் விழுந்த தபால்

துலூஸ் நகரத்தில் பழைய விமானத் தபால் உறைகள் சேர்ப்பவர்களுக்குள் கிரசியான் கொஞ்சம் தலைக்கனம் பிடித்தவர்தான். காரணம் உண்டு. முப்பது வருடங்களுக்கு முன் ஸ்பெயின் மலையில் மோதி எரிந்த தபால் விமானத்திலிருந்து மீட்ட உறை ஒன்று அவரிடம் இருந்தது. ஓரம் கருகியது, தபால் தலை பாதி எரிந்தது, யாரும் பிரிக்காதது. ஞாயிற்றுக்கிழமை காப்பிக்கடையில் உறை சேர்ப்போர் சங்கத்தார் கூடினால் அதை எடுத்துக் காட்டாமல் அவருக்குக் காப்பி இறங்காது.

அந்த ஞாயிறு அதைப் பார்க்க மத்தில்ட் என்ற அம்மாள் வந்தார். அந்த விமானத்தை ஓட்டிச் செத்துப்போன விமானியின் மகள். அப்பா போனபோது அவர் கைக்குழந்தை.

“ஐயா, கொஞ்சம் பிரிச்சுக் காட்டுங்களேன். எங்கப்பா உசிரைக் கொடுத்துச் சுமந்த சேதி என்னன்னு தெரிஞ்சா போதும் எனக்கு.”

பக்கத்தில் இருந்த சங்கத்து நண்பர் சிக்கார் சும்மா இருப்பாரா? “அதைப் பிரிக்கிறதுக்கு இவர் வயித்தைக் கிழிச்சிடலாம், மதாம்!”

கிரசியானுக்குச் சிரிப்பு வரவில்லை. உறைக்குள் என்ன இருக்கிறது என்று சங்கத்தில் எல்லாருக்கும் தெரியும். முகவரியில் இருந்தது ஒரு பழைய சேகரிப்பாளரின் பெயர். புது வழியில் விமானம் கிளம்புகிறது என்றால் அந்தக் காலத்து ஆட்கள் தங்கள் பெயருக்கே உறை அனுப்பிக்கொள்வார்கள். முத்திரை விழுந்தால் சரி. மடங்காமலிருக்க உள்ளே ஓர் அட்டை, அவ்வளவுதான்.

பிரித்தால் மதிப்புப் போய்விடும் என்று தட்டிக் கழித்திருக்கலாம். ஆனால் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு பொய் சொல்ல அவருக்கு நா எழவில்லை. பேனாக்கத்தியை எடுத்தார். “அடப்பாவி!” என்றார் சிக்கார். கருகாத ஓரமாகக் கீறி, உறையை மத்தில்டின் கையில் கொடுத்தார்.

வெறும் அட்டை வந்தது. அந்த அம்மாள் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“ஒண்ணுமே எழுதலையே... இதுக்காகவா எங்கப்பா செத்தாரு?”

கிரசியான் சொன்னார்: “இதுக்காக இல்லம்மா. அந்தத் தபால் மூட்டையில நெசக் கடுதாசியும் கிடந்துச்சு. மீட்டதையெல்லாம் வீடு தேடிக் கொண்டு போய்க் கொடுத்தாங்க. அவங்க அவசர அவசரமாக் கிழிச்சுப் படிச்சிட்டு உறையை அடுப்புல போட்டிருப்பாங்க. எவனும் படிக்க வேண்டாததுதான் பத்திரமா எங்க கைக்கு வந்துச்சு.”

மத்தில்ட் அழுதார். அழுது முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“அப்போ எங்கப்பா கொண்டு போனதை யாரோ படிச்சிருக்காங்க.”

“நிச்சயமாப் படிச்சிருக்காங்க. இதை நீங்களே வச்சுக்குங்கம்மா.”

“எனக்கு எதுக்குங்க?” அட்டையை உறைக்குள் செருகிக் கிரசியான் பக்கமாகத் தள்ளினார். “எங்கப்பாவோடது அடுப்புல போயிடுச்சு. இது உங்க ஆளுங்களோடது.”

மத்தில்ட் எழுந்து போனார். வீட்டு அலமாரியில் அடுக்கி வைத்திருக்கும் நூற்றுக்கணக்கான உறைகளைக் கிரசியான் நினைத்துப் பார்த்தார். இத்தனை காலமும் தான் சேர்த்தது அந்த விமானிகள் சுமந்திருக்கவே வேண்டாத சுமையை மட்டும்தான் என்று அவருக்குத் தோன்றியது.