இரண்டாவது கட்டம்

காலை எட்டு நாற்பத்தாறு.

பரிசோதனைக் கூடம் ஒன்பதுக்கு மூடும். அதற்குள் வண்டியைக் காட்டாதவர்கள் பந்தயத்தில் இல்லை. வரிசையில் முன்னால் இன்னும் இரண்டு பந்தயக் கார்கள் நின்றன.

அக்கா படிவத்தை நான்காக மடித்துக் கையில் வைத்திருந்தாள். அணியை நடத்துபவள் அவள். அங்கே எல்லோருக்கும் அக்காதான். வேலை நேரத்தில், அவள் பெற்ற மகளுக்கும்கூட.

அவளுடைய கூடப்பிறந்த தம்பி வண்டிக்கு அடியில் படுத்திருந்தான். முழங்காலுக்குக் கீழே மட்டும் தெரிந்தது. சின்ன வயதில் ஒல்லியாக இருந்ததால் குருவி என்று கூப்பிட்டார்கள். இப்போது தொப்பை விழுந்துவிட்டது. பெயர் அவன் கட்டிய வண்டிகளுக்குப் போய்விட்டது. இது ஏழாவது. குருவி-7.

படிவத்தில் வண்டியின் பெயருக்கென்று ஒரு கட்டம் கிடையாது. இரண்டு கட்டங்கள் உண்டு. முதலாவதில் ஆதரவு தரும் நிறுவனம். இரண்டாவதில் வண்டியைத் தயாரித்தவர். இரண்டையும் சேர்த்துப் படித்தால் அதுதான் பெயர். ஆறு பந்தயங்களாக அது டெல்மோர் குருவி. டெல்மோர், பேட்டரி செய்யும் கம்பெனி. என்ஜின் அவர்கள் வாங்கிக் கொடுத்தது.

திங்கட்கிழமை, கம்பெனியின் மேசையில், அக்கா இரண்டு கட்டத்திலும் டெல்மோர் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். தம்பியிடம் இன்னும் சொல்லவில்லை.

கம்பெனிக்காரர் அவள் பக்கத்தில் வந்து நின்றார். கையில் ஒரு சின்னப் பொட்டலம்.

"நேரமாகுதுங்க" என்றார்.

"குருவி, வெளிய வா."

"ரெண்டு நிமிஷம்."

"இப்பவே வாடா."

சக்கரப் பலகையோடு உருண்டு வெளியே வந்தான். நெற்றியில் கிரீஸ்.

"சாரும் வந்திருக்காரா? என்ன சார், பேட்டரியை எங்கயாச்சும் கீழ போட்டுட்டீங்களா?"

"தகட்டை எடுக்கணும்" என்றாள் அக்கா.

"எந்தத் தகட்டை?"

வண்டியில் ஒரு தகடுதான் இருந்தது. ஓட்டுபவர் ஏறும் இடத்தில், நான்கு ரிவெட் ஆணியில், உள்ளங்கை அளவு அலுமினியம். குருவி-7 என்று எழுத்து எழுத்தாக அவனே அடித்தது. ஏழு கொஞ்சம் சாய்ந்திருக்கும்.

அக்கா படிவத்தைப் பிரித்து நீட்டினாள். அவன் கையை பேண்ட்டில் துடைத்தான். ஆனால் வாங்கவில்லை. அவள் கையில் இருந்தபடியே படித்தான்.

"ரெண்டுலயும் ஒரே பேரை எழுதி வெச்சிருக்க."

"தெரியும்."

"தப்பா எழுதிட்டியா?"

"இல்ல."

கூடத்துக்குள் ஒரு வண்டி போனது. இன்னும் ஒன்று பாக்கி.

"அப்ப என் முப்பத்தொன்பது?"

ஓட்டுபவரின் புள்ளிகள் ஓட்டுபவரோடு போகும். வண்டியின் புள்ளிகள் தயாரித்தவர் பெயரோடு இருக்கும். பெயர் மாறினால் பூஜ்யம். குருவிக்கு முப்பத்தொன்பது. அடுத்த அணிக்கு முப்பத்தாறு. இன்று கடைசிப் பந்தயம். தயாரிப்பாளர் கோப்பையை இதற்கு முந்தைய ஆறு வண்டிகளில் ஒருமுறைகூட அவன் இவ்வளவு பக்கத்தில் பார்த்ததில்லை.

"பாப்பாவோட புள்ளி பாப்பாகிட்டயே இருக்கும். அவ ஓட்டினா போதும்."

"நான் என்னோடதைக் கேட்டேன்."

கம்பெனிக்காரர் தொண்டையைச் செருமினார். "பேப்பர்ல ரிசல்ட் போடறப்ப ரெண்டாவது பேரை மட்டும்தான் போடறாங்க, தம்பி. ஆறு ரேஸ் ஆச்சு. எங்க பேரு ஒரு தடவகூட வரல. மேல கேக்கறாங்க."

"கட்டினவன் பேரைத்தான் சார் போடுவான்."

"என்ஜின் எங்களோடது."

"அப்ப அதை மட்டும் தரையில வெச்சு ஸ்டார்ட் பண்ணுங்க. எவ்வளவு தூரம் போகுதுன்னு பாப்போம்."

பின்னால் யாரோ சிரித்தார்கள். பாப்பா. அக்காவின் மகள், வண்டியை ஓட்டப்போகிறவள். ஹெல்மெட்டை இடுப்பில் இடுக்கிக்கொண்டு நின்றிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருந்தாள்.

"ஒன்பது வரைக்கும் படிவத்தைத் திருத்தலாம்" என்றார் கம்பெனிக்காரர். "நான் தடுக்கமாட்டேன். என்ஜினை இறக்கிடுவேன், அவ்வளவுதான்."

அவருடைய மெக்கானிக் ஏற்கெனவே ஸ்பேனர் பெட்டியைத் திறந்து வைத்திருந்தான்.

தம்பி அக்காவைப் பார்த்தான். "எப்ப போட்ட கையெழுத்து?"

"திங்கக்கிழமை."

"அன்னிக்கு ராத்திரி எங்க வீட்லதான் சாப்பிட்ட."

"ஆமா."

"போதும் போதும்னு சொல்லிக்கிட்டே சாப்பிட்ட."

அவள் படிவத்தைத் திரும்ப நான்காக மடித்தாள்.

"மாமா, விடுங்க" என்றாள் பாப்பா. "நான் அடுத்த வருஷம்..."

"நீ வாயை மூடு" என்றார்கள் இருவரும், ஒரே நேரத்தில்.

இந்தப் பிரிவில் இருபத்திரண்டு வயது வரைதான் ஓட்டலாம். அவளுக்கு அடுத்த வருஷம் கிடையாது.

தம்பி டிரில்லை எடுத்தான். முதல் ரிவெட். இரண்டாவது. மூன்றாவதில் கை வழுக்கி பெயின்ட்டில் ஒரு கீறல் விழுந்தது. அவன் இதுவரை அந்த வண்டியில் கீறல் போட்டதில்லை. நான்காவது. தகடு கையில் விழுந்தது. சூடாக இருந்திருக்க வேண்டும். சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

கம்பெனிக்காரர் பொட்டலத்தைப் பிரித்தார். புதிய தகடு. டெல்மோர்-1. அது சிறியது. பழைய துளைகளில் இரண்டு அதற்கு வெளியே தெரிந்தன. சரிசெய்ய நேரமில்லை.

எட்டு ஐம்பத்தாறுக்கு வண்டியை உள்ளே தள்ளினார்கள்.

கூடத்தில் தரையில் ஒரு மஞ்சள் கோடு உண்டு. கோட்டுக்குள், ஓட்டுபவரைத் தவிர, தயாரித்தவரும் படிவத்தில் கையெழுத்துப் போட்டவரும் மட்டும் நிற்கலாம். பரிசோதகர் கேட்பதற்குத் தயாரித்தவர் பதில் சொல்ல வேண்டும். தம்பி பழக்கத்தில் கோட்டைத் தாண்டினான். நின்றான். பின்னால் போனான். அவன் இடத்துக்குக் கம்பெனிக்காரர் வந்தார்.

பரிசோதகர் டார்ச்சோடு குனிந்தார். பெயர்த்தகட்டைப் பார்த்தார். வெளியே தெரிந்த இரண்டு துளைகளையும் விரலால் தடவினார். பிறகு கதவருகே இருந்த ஒரு வெல்டிங்கைத் தட்டினார்.

"இந்தக் குழாய் எத்தனை மில்லிமீட்டர்?"

கம்பெனிக்காரர் வண்டியைப் பார்த்தார். "ஸ்டாண்டர்ட் சைஸ்தாங்க."

"இங்க ஏன் ரெண்டு தடவை வெல்டு பண்ணியிருக்கு?"

"அது... பலத்துக்கு."

கோட்டுக்குப் பின்னால் தம்பியின் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. பாப்பா இருக்கையில் நேராக உட்கார்ந்திருந்தாள், இரண்டு கையும் ஸ்டீயரிங்கில். வாசலில் ஸ்பேனர் பெட்டி.

சுவர்க் கடிகாரத்தில் ஒன்பதுக்கு ஒரு நிமிடம்.

பரிசோதகர் டார்ச்சை அணைத்தார். படிவத்தின் இரண்டாவது கட்டத்தில் விரலை வைத்து, பேனாவின் மூடியைக் கழற்றி அக்காவிடம் நீட்டினார்.

"கையெழுத்து உங்களோடது மேடம். நீங்களே சொல்லுங்க. இந்த வண்டியைக் கட்டினது யாரு?"