தொட்டிலுக்கு மேலே கேமரா

"பெட்டியோட வந்த பாஸ்வேர்டையே இன்னும் மாத்தலையா நீங்க?"

"மாத்தினா அம்மாவுக்கு ஞாபகம் இருக்காதேன்னு..."

"அத்தைக்கு ஞாபகம் இருக்கணும்னு ஊருக்கே கதவைத் திறந்து வைப்பீங்களா?"

தொட்டிலுக்கு மேலே கேமராவை மாட்டியவன் கணவன். வேலைக்குப் போகும் இருவரும், வேறு ஊரிலிருக்கும் அவன் அம்மாவும், குழந்தையைக் கைப்பேசியில் பார்த்துக்கொள்ளத்தான் அது. அந்தக் கம்பெனி விற்ற எல்லாக் கேமராவுக்கும் ஒரே பாஸ்வேர்டுதான் என்று இன்றைக்குத்தான் அவள் ஆபீசில் கேள்விப்பட்டாள்.

"படம் நேரா நம்ம போனுக்கா வருது? இன்டர்நெட் வழியா அவங்க சர்வருக்குப் போயிட்டு வருதுங்க. பாஸ்வேர்டு தெரிஞ்சா எவனும் எங்கேயிருந்தும் பார்க்கலாம்."

"அடி போடி, நம்ம வீடு என்ன அரண்மனையா? காயப்போட்ட துணியையும் நீ என்னைத் திட்டுறதையும் எவன் மெனக்கெட்டுப் பார்ப்பான்?"

அவள் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் கேமராவின் ஸ்பீக்கர் கரகரத்தது. இருவரும் கேட்டறியாத ஓர் ஆண் குரல், பக்கத்து வீட்டுக்காரரைப் போல நிதானமாகப் பேசியது.

"அண்ணே, அண்ணி சொல்றதைக் கேளுங்க. அப்புறம், பாப்பா மறுபடியும் போர்வையை உதைச்சுத் தள்ளிட்டா."