பதினெட்டு நாள் லில்லி

கேட்டுக்குப் பக்கத்தில் இரண்டடிக்கு இரண்டடி மண். புது வீட்டில் சிமெண்ட் பூசாமல் கொத்தனார் விட்டுவைத்த இடம் அவ்வளவுதான். அதில் என்ன நடுவது என்று புருஷனும் பெண்டாட்டியும் பதினான்கு நாளாகப் பேசித் தீர்த்துக்கொண்டிருந்தார்கள். வீட்டை வாங்கும்போதுகூட இவ்வளவு பேச்சு நடக்கவில்லை. அது போனிலேயே இருபது நிமிஷத்தில் முடிந்துபோன காரியம்.

அவர் கப்பலில் இஞ்சின் மெக்கானிக். வருஷத்துக்கு ஒரு தரம் பதினெட்டு நாள் லீவில் வருவார். தெருவில் அவருக்குக் கப்பல்காரர் என்று பெயர், மனிதர் தெருவில் தென்படுவதே அபூர்வம் என்றாலும். அவள் பல் டாக்டர்களுக்குப் பல்செட் செய்து கொடுக்கும் லேபில் வேலை பார்ப்பவள். ரோஸ் நிற மெழுகில் ஈறு பிடித்து, அதில் ஒவ்வொரு பல்லாக வரிசை கட்டி நிறுத்துவாள். அவள் கட்டிய பல்லைப் போட்டுக்கொண்டுதான் ஊரில் பாதிக் கிழங்கள் சிரிக்கின்றன. அதனால் அவளுக்குப் பல்செட்டம்மா என்று பெயர்.

இந்த லீவில் ஒரு முடிவும் சேர்ந்து வந்திருந்தது. கப்பல் கம்பெனி இன்னும் மூன்று வருஷத்துக்குக் கையெழுத்துக் கேட்டது. துறைமுகத்துப் பட்டறை முதலாளியோ, "இங்கேயே வாப்பா, சாயங்காலம் ஆறு மணிக்கு வீட்டுக்குப் போயிடலாம்" என்றார். இரண்டில் எது என்று லீவு முடிவதற்குள் சொல்லியாக வேண்டும்.

"நீ என்ன சொல்றே?" என்று வந்த அன்றே கேட்டார்.

"உங்க இஷ்டம்" என்றாள்.

மகராசி! தொண்டை வரைக்கும் வந்து நின்றது, 'போகாதீங்க' என்கிற ஒரே வார்த்தை. அதை விழுங்கிவிட்டு இந்த இரண்டைச் சொன்னாள். உங்க இஷ்டம் என்று சொல்லிவிட்டு, அவருடைய இஷ்டம் தன் இஷ்டமாக இருந்துவிட வேண்டுமே என்று தவியாய்த் தவிப்பது. இதைவிட முட்டாள்தனம் உலகத்தில் உண்டா? ஆனால் அவளுக்குக் கேட்டு வாங்கிப் பழக்கமில்லை. கேட்காமலே அவர் தங்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை.

செடி விஷயத்தில் மட்டும் வாயைத் திறந்தாள். அவளுக்குச் சைப்ரஸ் வேண்டும். ஊசி இலையாக, கோபுரம்போல் ஒடுங்கி வளருமே, அது. அவருக்கு லில்லிக் கிழங்கு.

"அந்த மரம் எப்பப் பார்த்தாலும் ஒரே மூஞ்சியா நிக்கும். அதுல என்ன இருக்கு?"

"எப்பவும் இருக்கும்ல. அதான்."

"நம்ம லில்லியப் பாரு. வருஷத்துக்கு ஒரு தடவதான் பூக்குது. ஆனா நான் வர்றது தெரிஞ்ச மாதிரி பூத்து, பதினெட்டு நாளும் ஜம்முனு நிக்குது. நான் கிளம்புற வரைக்கும் ஒரு இதழ் உதிர்றதில்ல!"

அவள் எழுந்து அடுப்படிக்குப் போனாள். திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்தவா முடியும்?

கதை இதுதான். ஏழு வருஷத்துக்கு முன்னால் ஏதோ ஒரு துறைமுகத்திலிருந்து அந்தக் கிழங்கைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு வந்து கொடுத்தார். வாடகை வீட்டுச் சன்னலோரத்தில் தொட்டியில் வைத்தாள். அதன் குணத்தை ஒரே வருஷத்தில் பிடித்துக்கொண்டாள். சில மாதம் தண்ணீர் காட்டாமல் காயப்போட வேண்டும், பிறகு நனைத்தால் நாற்பது நாள் சுமாருக்குப் பூக்கும். லீவுத் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணி, காலண்டரில் வட்டம் போட்டுத் தண்ணீர் ஊற்றினாள். முதல் தடவை சொல்லிவைத்தாற்போல் பூத்தது.

அடுத்த வருஷம் கப்பல் பன்னிரண்டு நாள் தாமதம். பூ அதன் பாட்டுக்குப் பூத்து, அதன் பாட்டுக்குச் சுருங்கித் தொங்கிவிட்டது. நாளைக்கு அவர் வருகிறார். அவள் லேபிலிருந்து நாலு துண்டு ரோஸ் மெழுகைக் கைப்பையில் போட்டுக்கொண்டு வந்தாள். ஈறு பிடிக்கிற கைக்கு இதழ் பிடிக்கத் தெரியாதா? மெழுகைக் கண்ணாடிபோல் மெலிதாக இழுத்து, கத்தி முனையால் நரம்பு கீறி, அதே தண்டில் நாலு பூவை நிறுத்திவிட்டாள்.

"தொட்டா வாடிடும்" என்று ஒரு பொய்யும் சொல்லிவைத்தாள். ஓடுகிற இஞ்சினுக்குள் கையை விடுகிற மனிதர், பெண்டாட்டி சொல்லுக்குக் கட்டுப்பட்டு அந்தப் பூவைத் தொட்டதே இல்லை. அதற்கப்புறம் வருஷா வருஷம் மெழுகுதான். அவர் கிளம்பிய மறுநாள் அதை உருக்கிவிட்டு உட்கார்ந்து அழுவாள்.

பூ மட்டுமா? அவர் வருவதற்கு முன்னால் ஒழுகுகிற குழாயைச் சரி பண்ணிவிடுவாள். ஒரு மாதம் காய்ச்சலில் கிடந்ததைச் சொல்ல மாட்டாள். அவர் கண்ணில் எதுவும் வாடித் தெரியக் கூடாது. இருப்பதே பதினெட்டு நாள், அதிலும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வதா என்று நினைத்தாள்.

பதினைந்தாம் நாள் இரண்டு பேரும் நர்சரிக்குப் போனார்கள். நர்சரிக்காரம்மா டாக்டர் மாதிரி விசாரித்தாள். எவ்வளவு வெயில், தண்ணீர் நிற்குமா, யார் பார்த்துக்கொள்வார்கள்?

"நான்தான்" என்றாள் அவள். "இவர் இருக்க மாட்டார்."

"சரி, கேட்டுக்கோ. சைப்ரஸ்னா முதல் வருஷம் கைக்குழந்தையப் பார்க்கிற மாதிரி பார்க்கணும். வேர் புடிச்சிட்டா வெயிலோ மழையோ, அது பாட்டுக்கு நிக்கும். ஆனா பேர்த்து இன்னொரு இடத்துல வச்சா செத்துரும். கிழங்கு அப்படி இல்ல. தோண்டிப் பையில போட்டு எந்த ஊருக்கும் எடுத்துட்டுப் போகலாம். பூ முடிஞ்சு இலையும் காஞ்சிட்டா வெறும் மண்ணுதான். அங்க ஒண்ணு இருக்குதுன்னே தெரியாம மிதிச்சிட்டுப் போவாங்க."

"இருந்தாலும் பதினெட்டு நாள் பூ நிக்குதே!" என்றார் கப்பல்காரர், வாதத்தில் ஜெயித்த மாதிரி.

நர்சரிக்காரம்மா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு சிரித்தாள். "பதினெட்டா? ஒரு பூ நாலஞ்சு நாள் தாங்கும். மொட்டு ஒண்ணு மாத்தி ஒண்ணு விரிஞ்சாலும் பத்து நாளைக்கு மேல தாண்டாது. அப்படி ஒரு கிழங்கு இருந்தா எனக்கும் ரெண்டு குடுங்க தம்பி!"

"எங்க வீட்டுச் சன்னல்ல இப்பவே இருக்கும்மா. நாலு பூ. நான் வந்த அன்னைக்கு எப்படி இருந்துச்சோ அப்படியே இருக்கு."

"அப்ப அது பூவே இல்ல" என்றாள் நர்சரிக்காரம்மா, சர்வ சாதாரணமாக.

அவர் பெண்டாட்டி பக்கம் திரும்பினார். பெண்டாட்டி தரையைப் பார்த்தாள்.

"மெழுகு" என்றாள். "லேபு மெழுகு."

நர்சரிக்காரம்மா விவரமானவள். குழாயை மூடாமல் வந்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டு அந்தப் பக்கம் நகர்ந்துவிட்டாள்.

அவருக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. "ஏழு வருஷமாவா?"

"ஆறு. முதல் வருஷம் நிஜப் பூ."

சிரிப்பு பாதியில் நின்றது. தொட்டிகளுக்கு நடுவில் கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். "ஒவ்வொரு தடவை வரும்போதும் பார்ப்பேன். குழாய் ஒழுகாது, கதவு கிறீச்சுங்காது, நீ சிரிச்சுக்கிட்டே இருப்பே, பூகூட வாடாது. நான் இல்லாம எல்லாம் நல்லாத்தான் நடக்குது, நம்மளால இங்க ஆகவேண்டியது ஒண்ணுமில்லன்னு நினைச்சுக்கிட்டேன். அதான் காலைல அந்தக் காகிதத்துல கையெழுத்துப் போட்டு அனுப்பிட்டேன்."

"மூணு வருஷத்துக்கா?"

தலையாட்டினார்.

அவள் தன் விரல்களைப் பார்த்தாள். தன் கையால் செய்த வினை. இழுத்து இழுத்து மெலிதாக்கி, நரம்பு கீறி, ஆறு வருஷம் பார்த்துப் பார்த்துச் செய்தது.

"இப்பச் சொல்றேன், கேட்டுக்கோங்க" என்றாள். குரல் நடுங்கியது, நடுங்கட்டும் என்று விட்டுவிட்டாள். "எனக்கு நீங்க தினமும் வேணும். சண்டை போடவாச்சும் வேணும். காய்ச்சல்ல கிடந்தப்ப ஒரு டம்ளர் வெந்நி வச்சுத் தர ஆளில்ல. உங்க சட்டையக் கொடியில போட்டு எடுக்கணும்னு ஆசையா இருக்கும். ஊர்ல இல்லாத ஆளோட சட்டையத் துவைச்சு எத்தனை தடவ காயப்போட்டிருக்கேன் தெரியுமா?"

சொல்லிவிட்டு அங்கேயே, பட்டப்பகலில், உரச் சாக்குகளுக்குப் பக்கத்தில் நின்று அழுதாள். அவருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. இந்தப் பதினோரு வருஷக் குடித்தனத்தில் அவள் அழுது அவர் பார்த்ததில்லை. எழுந்து போய்ப் பக்கத்தில் நின்றுகொண்டார்.

அன்று மத்தியானம் பூரா போன். கம்பெனிக்காரன் மூன்று வருஷத்தை ரத்து செய்ய ஒப்புக்கொண்டான், ஆனால் இந்த ஒரு பயணத்துக்கு மாற்று ஆள் கிடையாது, பத்து மாதம் வந்துதான் ஆக வேண்டும் என்றான். பட்டறை முதலாளி, "பத்து மாசமா? அப்ப இடம் காலியா இருந்தாப் பார்ப்போம்" என்று வைத்துவிட்டார். அவ்வளவுதான் மிஞ்சியது.

பதினாறாம் நாள் அவரே குழி வெட்டிச் சைப்ரஸை நட்டார். பத்தொன்பதாம் நாள் வீட்டில் அவர் இல்லை.

மூன்று வாரம் கழித்து, கடலில் எங்கிருந்தோ போன் வந்தது. லைன் இரைந்தது.

"எப்படி இருக்கே?"

பழக்க தோஷம், 'நல்லா இருக்கேன்' என்று வாய் அரை வார்த்தை சொல்லியும்விட்டது. நிறுத்தினாள்.

"நல்லா இல்லங்க. ஞாபகமாவே இருக்கு. சாப்பிட உட்கார்ந்தாத் தொண்டைய அடைக்குது. சீக்கிரம் வாங்க."

அந்தப் பக்கம் இஞ்சின் சத்தம் மட்டும் கேட்டது. லைன் அறுந்துவிட்டதோ என்று போனைக் காதோடு அழுத்தினாள்.

"இன்னொரு தடவ சொல்லு" என்றார்.